நாலு நீதிபதி, ஒரு மச்சான்

காலை ஏழு இருபத்தைந்துக்கு என் மனைவி தலை பின்ன உட்காருவாள். பதினோரு நிமிடம் ஆகும். கூந்தல் நீளம்; அதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வமும் உண்டு. அந்தப் பதினோரு நிமிடமும் சமையலறையில் நான் தனியாக இருப்பேன். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றரை நிமிடம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். காவல் நிலையத்துக்குப் போவதா, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவதா என்று பேருந்தில் யோசித்தேன். விஷயம் உணவு சம்பந்தப்பட்டது. அதனால் உங்களிடம் வந்தேன். நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். பன்னிரண்டு வாரம், எழுபத்திரண்டு நாள், ஒன்றுகூட விடுபடவில்லை. மேலோட்டமாகப் புரட்டினால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். நிதானமாகப் படியுங்கள்.

நான் வேலை பார்ப்பது நாய் உணவு செய்யும் ஆலையில். பத்தொன்பது வருடம் ஆகிறது. என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. செய்யும் வேலை என்னவோ நாய்க்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். நாயிடம் கேட்க முடியாது. அதனால் இரண்டு கிண்ணம் வைப்போம். ஒன்றில் பழைய தயாரிப்பு, மற்றதில் புதியது. இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை எடை போடுவோம். மறுநாள் கிண்ணங்களை இடம் மாற்றி வைப்போம். இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. சில நாய்களுக்குப் பக்கப் பழக்கம் உண்டு. எது இருந்தாலும் ஒரே பக்கத்துக் கிண்ணத்தில்தான் வாய் வைக்கும். இடம் மாற்றாவிட்டால் அது ருசிக்காகச் சாப்பிட்டதா, பழக்கத்தில் சாப்பிட்டதா என்று தெரியாது. கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆலையில் இரண்டு கூடம். ஒன்றில் நாய் உணவு. சுவருக்கு அந்தப் பக்கம் மனிதருக்கான சூப்புப் பொடி. இரண்டுக்கும் ஒரே லாரியில் சரக்கு வரும். இறக்கும்போது சாக்கின் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். நாய் உணவின் மேல் கடைசியாக ஒரு பொடி தூவுவோம். அது விழுந்த பிறகுதான் நாய் அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளும். எங்கள் கூடத்தில் அதன் பெயர் சொக்குப்பொடி. சுவருக்கு அந்தப் பக்கமும் அப்படி ஒரு பொடி உண்டு. அங்கே அதை இயற்கைச் சுவையூட்டி என்பார்கள்.

இன்னொன்று நாலாம் நம்பர். சரக்குப் பட்டியலில் நாலாவது வரியில் இருப்பதால் அந்தப் பெயர். கொழுப்பில் சிக்கு வாடை வராமல் பதினெட்டு மாதம் காப்பாற்றுவது அதுதான். நாய் உணவில் கிலோவுக்கு நூற்றைம்பது மில்லிகிராம் வரை போடலாம். சூப்புப் பொடியில் போடவே கூடாது. நடுவில் இருக்கும் சுவர் ஒன்பது அங்குலம்.

அந்தப் பக்கம் கூடாதது இந்தப் பக்கம் எப்படிக் கூடும் என்று பத்தொன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்க வைத்தது நீதிபதி.

நீதிபதி என்பது எங்கள் சோதனைக் கொட்டிலில் இருந்த நாய். பழுப்பு நிறம், ஆறு வயது, இருபத்துமூன்று கிலோ. மற்ற நாய்கள் கிண்ணத்தைப் பார்த்ததும் பாயும். அவன் பாயமாட்டான். இதை மோந்து பார்ப்பான், அதை மோந்து பார்ப்பான், இரண்டடி பின்னால் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு யோசிப்பான். பிறகுதான் தீர்ப்பு. ஒருமுறை இரண்டு கிண்ணத்தையும் தள்ளுபடி செய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அந்தத் தயாரிப்பு கடைக்குப் போன இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது.

போன வருடக் கடைசியில் அவன் ஈறு மஞ்சளாவதைக் கவனித்தேன். எடை குறைந்தது. அதே கொட்டிலில் இன்னும் இரண்டு நாய்களுக்கு வாந்தி. மூன்றும் நாலாம் நம்பர் போட்ட உணவை மட்டுமே சாப்பிட்டவை. கால்நடை மருத்துவர் கல்லீரல் என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. அவருக்கும் எங்கள் ஆலையில்தான் சம்பளம்.

மேலாளரிடம் போனேன். மேலாளர் என் மச்சான். என் மனைவியின் சொந்த அண்ணன். அவர்தான் என்னை வேலைக்குச் சேர்த்தார். ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கொடுத்தார். ஆய்வு முறைப்படி அது சரிதான்.

"மச்சான், நீதிபதிக்கு ஈறெல்லாம் மஞ்சளா இருக்கு."

"வயசாயிடுச்சு மாப்ளே."

"ஆறு வயசுதான்."

"நாய்க்கு ஆறுன்னா நமக்கு நாப்பது. எனக்கும் நாப்பதுலதான் கண்ணாடி வந்துச்சு."

"நாலாம் நம்பரை ஒரு மூணு மாசம் நிறுத்திப் பாக்கலாமே."

"எதுக்கு? அளவுக்குள்ளதானே போடுறோம்?"

"அளவு சரிதான். மனுஷன் இன்னைக்கு சூப்பு குடிப்பான், நாளைக்கு வேற எதையாவது சாப்பிடுவான். இது வருஷம் முழுக்க இதையேதான் திங்குது."

"தின்னட்டும். கம்ப்ளெயிண்ட் ஏதாவது வந்துச்சா?"

"நாய் எப்படி மச்சான் கம்ப்ளெயிண்ட் பண்ணும்?"

"அதான் மாப்ளே இந்தத் தொழிலோட அழகே."

மேசையில் மாதிரித் தட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே சொன்னார்.

"பாத்துக்க. இதை நான் தினம் தின்னாலும் எனக்கு ஒண்ணும் ஆவாது."

பிறகு நீதிபதியைக் கொட்டிலிலிருந்து நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். 'உடல்நிலை காரணமாக ஓய்வு.' ஓய்வு பெற்ற நாய்கள் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். எழுத்தில் வாங்கியிருக்கலாம். அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

நீதிபதியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"இதுக்கும் சேத்து நான்தான் வடிச்சுக் கொட்டணுமா?"

"உடம்பு சரியாகற வரைக்கும்தான்."

"எனக்கு உடம்பு சரியில்லாதப்போ ஒரு நாள் லீவு போட்டிருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வாரத்தில் அவளே அவனுக்குக் கேரட்டை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாள். இறைச்சி, கேரட், தண்ணீர். வேறு எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். உப்புகூட. மூன்று வாரத்தில் ஈறு சிவந்தது. வால் ஆடத் தொடங்கியது. மச்சானிடம் காட்டினேன்.

"வீட்டுச் சாப்பாடு யாருக்குத்தான் ஒத்துக்காது" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குறை நாலாம் நம்பரில் மட்டும் இல்லை, சாட்சியிலும் இருந்தது. நாய் படும் பாட்டை நாய் வந்து சொல்லாது. பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். தும்மினால் மூன்று பேருக்குப் போன் போடுகிற ஒருவர். முகத்தில் ஒரு பரு வந்தால் டாக்டரை மாற்றுகிற ஒருவர். யோசித்துப் பார்த்தால் மச்சானைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

மச்சானின் மனைவி மகளோடு வெளியூரில் இருக்கிறார். அதனால் அவருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான். என் மனைவி தினமும் இரண்டு எவர்சில்வர் டப்பா கட்டுவாள். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று தனக்கு. அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான் மதியம் சாப்பிடுவதில்லை. நாய் உணவை நாங்களும் நுனிநாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வயிறு நிறைந்திருந்தால் நாக்கு பொய் சொல்லும்.

இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி. கடையில் இரண்டு வாங்கினால் விலை குறைவு என்று அவள் ஜோடியாக வாங்கியது. சமையல் மேடையில் இடது பக்கம் இருந்தால் அண்ணனுடையது, வலது பக்கம் இருந்தால் அவளுடையது. தலை பின்னி முடித்து வந்து வலதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். இடதை நான் ஆலைக்கு எடுத்துப் போவேன்.

அளவு விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். மனிதருக்கான அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் விலங்குகளுக்குக் கொடுத்து, எந்த அளவில் அவற்றுக்குத் தீங்கு தெரியவில்லையோ அதை நூறால் வகுப்பார்கள். அந்த நூறு நாய்க்குக் கிடையாது. நான் மச்சானுக்கும் அந்த நூறைக் கொடுக்கவில்லை. அவர் எந்த அளவுக்குக் கையெழுத்துப் போட்டாரோ அதே அளவு. ஒரு மில்லிகிராம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீதிபதி நாளைக்கு நானூறு கிராம் சாப்பிடுவான். அதில் நாலாம் நம்பர் அறுபது மில்லிகிராம். நீதிபதியின் எடை இருபத்துமூன்று. மச்சானின் எடை தொண்ணூற்றிரண்டு. நாலு நீதிபதி சேர்ந்தால் ஒரு மச்சான். கணக்கு மிச்சமில்லாமல் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இருநூற்று நாற்பது மில்லிகிராம்.

சனிக்கிழமை மாலை லேபில் ஆறு பொட்டலம் மடிப்பேன். ஞாயிறு கிடையாது. நாய்க்கு ஞாயிறும் உண்டு. அந்த அளவுக்கு மச்சானுக்குச் சலுகை. நாலாம் நம்பரில் லேசான கசப்பு இருக்கும். அதற்காகச் சொக்குப்பொடியும் ஒரு சிட்டிகை சேர்த்தேன். ஆலையிலும் அப்படித்தான் செய்கிறோம்.

முதல் திங்கட்கிழமை மதியம் மச்சான் என்னை அறைக்குக் கூப்பிட்டார். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். கழுவி வைத்த மாதிரி இருந்தது.

"மாப்ளே, என் தங்கச்சி கையில இன்னைக்கு என்ன வந்துச்சு? டப்பாவை நக்காத குறை."

'திங்கள். முழுவதும் தீர்ந்தது. மகிழ்ச்சி' என்று நோட்டில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பாதி மிச்சம். "இன்னைக்கு சுமார்" என்றார். புதன்கிழமை மறுபடி வழித்துத் துடைத்திருந்தார். வியாழன் சுமார். வெள்ளி அபாரம். இதை நான் மனநிலை மாறுபாடு என்று குறித்து வைத்தேன். மேலாளர்களுக்கு அது உண்டு.

வீட்டில் நல்ல மாற்றம் தெரிந்தது. அண்ணனும் தங்கையும் சொத்து விஷயத்தில் பேச்சை அளந்து பேசி எட்டு வருடம். இப்போது சாயங்காலம் போன் வரும். "இன்னைக்கு என்னத்த போட்ட?" என்று அவர் கேட்பார். இவள் சிரித்துக்கொண்டே கூடத்தில் நடப்பாள். என்னால் ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்பதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாலாவது வாரத்தில் என் மனைவிக்கு உள்ளங்கை அரித்தது. சோப்பை மாற்றினாள். சீக்கிரம் களைத்துப் போனாள். வயது என்றேன். அவளுக்கு நாற்பத்தொன்று.

மச்சானுக்கு எதுவும் ஆகவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இரண்டு கிலோ ஏறியிருந்தார். அளவைத் திருத்த வேண்டியிருந்தது. ஆய்வு நடக்கும்போது திருத்தக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நீதிபதி அவள் காலடியில் படுத்திருந்தான்.

"ஒரு விஷயம் கவனிச்சீங்களா?"

"என்ன?"

"எனக்குச் செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் சமையல் நல்லா வருது. மத்த நாள்ல அதே கை, அதே அடுப்பு, வாயில வைக்க விளங்கல. இன்னைக்குப் பக்கத்து சீட்டு அக்கா என் டப்பாவுல பாதியக் காலி பண்ணிட்டா. செவ்வாய்க்கிழமையும் அவதான். நாளு பாத்து வந்து நிக்கிறா."

நான் எழுந்து போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மச்சானுக்கு அபாரமான நாட்கள் திங்கள், புதன், வெள்ளி. ஐந்து வாரமும் அதே.

விளங்க அதிக நேரம் ஆகவில்லை. என் கைதான். பத்தொன்பது வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள் கிண்ணங்களை இடம் மாற்றி வைத்த கை. இடது டப்பாவைத் திறந்து, பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, மூடி, ஒருநாள் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறது. மறுநாள் தானாகவே இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறது. வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனையில் நின்று யோசிப்போம் இல்லையா, அந்த மாதிரிக் கை. நான் இடதை எடுத்துப் போனேன். அவள் வலதை எடுத்துப் போனாள். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை. நான் கல் அல்ல.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மனைவியின் எடை நாற்பத்தாறு. அதாவது இரண்டு நீதிபதி. அவளுக்கு விழுந்தது நாலு நீதிபதியின் அளவு. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள். பரவலாக்கினால் நாளைக்கு இரண்டு நீதிபதி. மிகச் சரியான அளவு. மச்சானுக்குத்தான் பாதியாகக் குறைந்திருந்தது. ஒருவருக்கு முழு அளவு, ஒருவருக்குப் பாதி. ஒரே சமையல், ஒரே அடுப்பு, ஒரே ரத்தம். உடன்பிறந்தவர்கள். இப்படி ஓர் அமைப்பை நான் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தால்கூட வந்திருக்காது. அரிப்பும் களைப்பும் யாருக்கு வந்தன, யாருக்கு வரவில்லை என்பதை அடுத்தடுத்த பத்தியில் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது.

இங்கேதான் நீங்கள் என்னைக் கேட்பீர்கள், அன்றே ஏன் நிறுத்தவில்லை என்று. நாய் உணவுக்குப் பன்னிரண்டு வாரம் ஆய்வு செய்தால்தான் எங்கள் துறையில் மதிப்பு. ஐந்து வாரத்தில் நிறுத்தினால் அதுவரை அவள் சாப்பிட்ட பதினைந்து நாளும் வீண். அவள் பட்ட கஷ்டம் வீண் போகக் கூடாது என்று நினைத்தேன். இதை அன்பு என்றுதான் நான் சொல்வேன். மாற்றிக் கொடுக்கலாமே என்றும் தோன்றலாம். நடுவில் முறையை மாற்றுவது எந்த ஆய்விலும் கிடையாது. அவளிடம் சம்மதம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ருசியைப் பற்றி உண்மை சொல்லியிருக்க மாட்டாள்.

பக்கத்து சீட்டு அக்கா எவ்வளவு எடுத்தார் என்பதற்குப் பதிவு இல்லை. அது ஆய்வில் உள்ள குறை.

ஆக, ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து கை மாற்றி வைக்கவில்லை. நான் மாற்றி வைத்தேன். இருபத்தோரு நாள். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டாவது வாரம் அவளுக்குக் காலையில் குமட்டல். ஆனால் செவ்வாயும் வியாழனும் சனியும் டப்பாவை மட்டும் காலி செய்துவிடுவாள். சொக்குப்பொடியின் தரத்தை அன்றுதான் நான் முழுதாக உணர்ந்தேன். பத்தாவது வாரம் கண்ணின் வெள்ளையில் மஞ்சள். கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"என் கண்ணு ஒரு மாதிரி இல்ல?"

"விளக்கு வெளிச்சம்."

"நீதிபதிக்கு இருந்த மாதிரி இருக்கு."

"அவனுக்கு ஈறு" என்றேன். அது உண்மை.

பன்னிரண்டாவது வாரம் சனிக்கிழமை, கடைசி நாள், அவளால் எழ முடியவில்லை. லீவு சொல்லிவிட்டாள். அன்று நானே சமைத்து இரண்டு டப்பாவும் கட்டினேன். மச்சான் டப்பாவை எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆலை வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். பதினெட்டு வருடத்தில் அவளுக்காக நான் போட்ட முதல் லீவு. அவள் டப்பாவைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் வாயாக ஊட்டினேன். போதும் என்றாள். இன்னும் ரெண்டு வாய்தான் என்றேன். அப்போது மச்சான் நலம் விசாரிக்க வந்தார். கதவருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சிய நீ இந்த மாதிரி பாத்துக்குவேன்னு நான் நெனக்கவே இல்ல மாப்ளே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு டாக்டர்கள் இருப்பது நிச்சயமில்லை. திங்கட்கிழமை காலை நானே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஏதாவது மருந்து, மாத்திரை எடுத்தார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது மருந்தல்ல, உணவுச் சேர்க்கை. கல்லீரலில் வீக்கம் என்றார். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்றார். பன்னிரண்டு வாரம் என்ற எல்லை எவ்வளவு யோசித்து வைக்கப்பட்டது என்று அப்போது புரிந்தது.

ஆய்வு முடிந்துவிட்டதால் புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. அவள் மெல்லத் தேறினாள். நீதிபதி தேறிய அதே வேகம். அதையும் குறித்து வைத்தேன்.

நோட்டை மச்சான் மேசையில் வைத்தேன். அவர் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். இதைப் படித்தார்.

"இதுல மச்சான்னு எழுதியிருக்கிறது நானா?"

"ஆமா மச்சான்."

"பக்கத்துல ரெண்டு நீதிபதின்னு இருக்கே?"

"உங்க தங்கச்சி."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வந்து உட்கார்ந்தார். போனை எடுத்து அதன் கண்ணாடியில் தன் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே?"

"உங்களுக்குப் பாதிதான் போச்சு."

"நல்லவேளை."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"இது வெளிய போனா ரெண்டு பேரும் உள்ள போவோம். நீ கொடுத்ததுக்கு, நான் கையெழுத்துப் போட்டதுக்கு."

"நாலாம் நம்பரை நிறுத்துங்க. வேற எதுவும் வேணாம்."

நிறுத்தினார். இந்த ஊரில் இனி எந்த நாயும் எங்கள் ஆலை நாலாம் நம்பரைச் சாப்பிடாது. ஒருவர் ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்ததற்கு இது சின்னப் பலன் அல்ல.

என் மனைவியிடமும் சொன்னேன். அவளிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு மதியம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு முதல் வாரத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். எடை, அளவு, பொட்டலம், கசப்புக்கு என்ன சேர்த்தேன், மிச்சம் எந்த அலமாரியில் இருக்கிறது, எல்லாம். ஐந்தாவது வாரம் சனிக்கிழமையையும் விடவில்லை. அவள் அழவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கித் தன் பக்கங்களைப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"பத்தாவது வாரம் வியாழக்கிழமை நான் சாப்பிடல. அப்படியே அந்த அக்காகிட்ட குடுத்துட்டேன். தப்பா எழுதியிருக்கீங்க."

திருத்தினேன். அவளைப் போல ஒத்துழைக்கிறவர்கள் கிடைப்பது அரிது. அதற்குப் பிறகு அவள் கேட்டது நீதிபதி சாப்பிட்டானா என்று மட்டும்தான். சாப்பிட்டான் என்றேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். நேற்று ஞாயிறு மச்சான் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பழத்தோடு ஒரு சின்ன வெள்ளை டப்பி. மேசையில் வைத்தார்.

"நாலாம் நம்பருக்குப் பதிலா வந்திருக்கு மாப்ளே. அஞ்சாம் நம்பர். அதே கம்பெனி. கிலோவுக்கு இருநூறு வரைக்கும் போலாமாம். நாளையிலேருந்து நாய்ங்களுக்கு ஆரம்பிச்சிடு."

"இதுக்கு ஆய்வு நடந்திருக்கா?"

"அளவு போட்டிருக்கான்ல. அப்புறம் என்ன?"

என் மனைவி கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நீதிபதியின் தலை. டப்பியை எட்டி எடுத்து, மேலே ஒட்டியிருந்த தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு எழுந்து போய் அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

நான் உங்களிடம் வந்தது மனசாட்சிக்காக. ஐந்தாம் நம்பரும் நிறுத்தப்பட வேண்டும், அதை எந்த நாய்க்கும் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதற்காக. இன்று காலை வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள் என்பதால் அதையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காலையில் கண் விழித்தபோது சமையலறையில் சத்தம் கேட்டது. அவள் குளித்து, தலை பின்னி முடித்திருந்தாள். இத்தனைக்கும் மணி ஆறரைதான். மேடையில் மூன்று டப்பா இருந்தது. மூன்றாவது புதிது. இன்றிலிருந்து நானும் மதியம் சாப்பிட வேண்டும் என்றாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நல்ல வாசனை வந்தது. இத்தனை வருடத்தில் அவள் சமையலில் அப்படி ஒரு வாசனை வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, உங்க எடை எவ்வளவு?"